99.94க்கும் 41.83க்கும் நடுவில்

அவுஸ்திரேலியாவின் தேசிய ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசிக்குக் கடிதம் எழுதினால், அதன் தபால் பெட்டி இலக்கம் 9994. சிட்னியிலும் அதுதான், மெல்பேர்ணிலும் அதுதான். தற்செயல் இல்லை. டொன் பிராட்மனின் டெஸ்ட் சராசரி 99.94. தசமப் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு, ஒரு துடுப்பாட்ட வீரரின் கணக்கை இந்த நாட்டுக்காரர் முகவரியாகவே வைத்துக்கொண்டார்கள்.

இங்கே பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் அந்த எண் தெரியும். ஆனால் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ கிரிக்கெட் பார்த்து வளர்ந்த முதியவர் ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், வேறொரு பெயரும் காதில் விழுந்திருக்கும். "உங்கட பிராட்மன் என்ன பிராட்மன், எங்கட சதாசிவத்தின்ரை ஆட்டத்தைப் பாத்திருக்கோணும்!" இதைக் கேட்டவுடன் எங்கள் தலைமுறை செய்வது ஒன்றுதான்: கைபேசியை எடுத்துப் பெயரைத் தட்டுவது. வரும் பதில் இப்படி இருக்கும். மகாதேவன் சதாசிவம், முதல்தரப் போட்டிகள் 11, ஓட்டங்கள் 753, சராசரி 41.83, அதிகபட்சம் 215. அவ்வளவுதான். கைபேசி மேசைக்குத் திரும்பும். பெரியவர் வாயை மூடிக்கொள்வார்.

வாதம் அங்கே முடிந்திருக்கக் கூடாது. இரண்டு எண்களை அருகருகே வைப்பதற்கு முன், அவை எதை அளக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒரு வீரரின் முழு வாழ்க்கைக் கணக்கு ஒன்று. அவர் உச்சத்தில் இருந்த காலத்தின் கணக்கு இன்னொன்று. இவை இரண்டும் ஒரே கேள்விக்கான பதில்கள் அல்ல.

நான் கணினி அமைப்புகளோடு வேலை செய்பவன். ஒரு சேர்வரின் சராசரிச் சுமை 30 வீதம் என்று மாத அறிக்கை சொல்லும். திங்கட்கிழமை காலை 9 மணிக்கு அதே சேர்வர் படுத்துவிடும். சராசரி பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது. துடுப்பாட்டச் சராசரியும் அப்படித்தான். மொத்த ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்தால் வருவது அது. எப்போது அடித்தார், எந்த வயதில், யாருக்கு எதிராக, எத்தனை வருடம் ஆடவே முடியாமல் இருந்தார் என்பது எதுவும் அதற்குள் இல்லை.

முதலில் பிராட்மனையே பிரித்துப் பார்ப்போம். 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், 10 முறை ஆட்டமிழக்கவில்லை. ஆக 70 ஆட்டமிழப்பு, 6996 ஓட்டங்கள். 1948 ஓகஸ்ட் 14ஆம் திகதி இலண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸுக்கு வந்தபோது, 4 ஓட்டங்கள் எடுத்திருந்தால் சராசரி சரியாக 100 ஆகியிருக்கும். எரிக் ஹொலிஸ் வீசிய இரண்டாவது பந்தில், ஓட்டம் எதுவும் எடுக்காமல் போல்ட் ஆனார். இந்தக் கதையை நீங்கள் நூறு முறை கேட்டிருப்பீர்கள். அதைவிடச் சுவையானது, அவ்வளவாக யாரும் சொல்லாத தொடர்வாரிக் கணக்கு.

1930இல் இங்கிலாந்தில் 5 டெஸ்ட், 7 இன்னிங்ஸ், 974 ஓட்டங்கள். அவருக்கு அப்போது 21 வயது. 334, 254, 232, 131 என்று நான்கு பெரிய எண்கள். மற்ற மூன்று இன்னிங்ஸில் 8, 1, 14. அதாவது ஒன்றில் மலை, இல்லையென்றால் பள்ளம். அடுத்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 447. அதற்கடுத்த 1931-32 தொடரில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக 806 ஓட்டங்கள், சராசரி 201.50. இந்த மூன்று தொடர்களையும் சேர்த்தால் 2227 ஓட்டங்கள், 17 ஆட்டமிழப்பு. சராசரி 131. இதுதான் பிராட்மனின் உச்சி என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு 1932-33, பொடிலைன் தொடர். உடம்பைக் குறிவைத்து எறிந்தார்கள். மெல்பேர்ணில் முதல் பந்திலேயே பில் போஸ் அவரை வீழ்த்தினார். அதே போட்டியின் இரண்டாவது இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 103. தொடர் முழுவதற்கும் சராசரி 56.57. பிராட்மனின் ஆகத் தாழ்ந்த தொடர் அதுதான். உலகத்தின் மிகச் சிறந்த துடுப்பாட்டக்காரர் பலர் தங்கள் முழு வாழ்க்கைச் சராசரியாக அந்த எண்ணைக் கிடைக்கப்பெற்றால் சந்தோஷமாக ஓய்வு பெறுவார்கள்.

இனி யுத்தம். 1938 ஓகஸ்டுக்கும் 1946 நவம்பருக்கும் இடையில் பிராட்மன் ஒரு டெஸ்ட்டும் ஆடவில்லை. போகும்போது கிட்டத்தட்ட 30 வயது, வரும்போது 38. நடுவில் இராணுவத்தில் சேர்ந்து, தசைநோயால் விடுவிக்கப்பட்டவர். ஒரு துடுப்பாட்ட வீரரின் பொன்னான எட்டு வருடங்கள் என்று சொல்வது இந்த வயதைத்தான். யுத்தத்துக்கு முன் அவருடைய கணக்கு 5093 ஓட்டங்கள், 52 ஆட்டமிழப்பு, சராசரி 97.94. யுத்தத்துக்குப் பின் 1903 ஓட்டங்கள், 18 ஆட்டமிழப்பு, சராசரி 105.72.

இன்னொரு முறை பாருங்கள். கூடியிருக்கிறது. 38 வயதிலிருந்து 40 வயதுக்குள் ஆடிய ஆட்டம், இளமையில் ஆடியதைவிட மேல். 1947-48இல் நம் பக்கத்து நாட்டு இந்திய அணி வந்தபோது 715 ஓட்டங்கள், சராசரி 178.75. எதிரணிகளின் பந்துவீச்சு யுத்தத்துக்குப் பிறகு பலவீனமாக இருந்தது என்று வாதாடலாம்; ஓரளவு நியாயமும் உண்டு. இருந்தாலும் பிராட்மனிடம் உச்சமும் முழு வாழ்க்கையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. அதுதான் அவருடைய விசித்திரம்.

மற்றவர்களுக்கு அப்படி இல்லை. ரிக்கி பொண்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டு மட்டும் 1503 டெஸ்ட் ஓட்டங்கள், சராசரி 100.20. 2006இல் 1333 ஓட்டங்கள், சராசரி 88.86. அந்த வருடங்களில் அவர் ஆடியதைப் பார்த்தவர்கள் பிராட்மனைப் பற்றிப் பேசத் தொடங்கியதில் வியப்பில்லை. 2012 டிசம்பரில் பேர்த்தில் ஓய்வு பெற்றபோது 168 டெஸ்ட், 13,378 ஓட்டங்கள், சராசரி 51.85. கடைசி வருடங்கள் அவரைக் கீழே இழுத்தன. அவர் 2006 முடிவில் மட்டையைத் தூக்கி வைத்திருந்தால் எண் மிக அழகாக இருந்திருக்கும், அணிக்குத்தான் நட்டம்.

இதற்கு நேர் எதிர், அடம் வோஜஸ். 35 வயதில்தான் அவருக்கு டெஸ்ட் தொப்பி கிடைத்தது. 20 டெஸ்ட், 1485 ஓட்டங்கள், சராசரி 61.87. ஜோர்ஜ் ஹெட்லியின் 60.83க்கும் கிரேம் பொலக்கின் 60.97க்கும் மேலே. வோஜஸ் நல்ல துடுப்பாட்டக்காரர். ஆனால் ஹெட்லியைவிடச் சிறந்தவரா என்று அவரிடமே கேட்டால் சிரிப்பார் என்று நினைக்கிறேன். அவருடைய உச்சக்காலம் மட்டும் டெஸ்ட் கணக்கில் ஏறியது. ஏறுமுகமும் இறங்குமுகமும் உள்ளூர்ப் போட்டிகளில் மறைந்துவிட்டன.

எங்கள் வீடுகளில் அதிகம் பேசப்படும் குமார் சங்கக்காரவின் கணக்கில் இன்னொரு பாடம் இருக்கிறது. 134 டெஸ்ட், 12,400 ஓட்டங்கள், சராசரி 57.40. இதை இரண்டாகப் பிரித்தால்: விக்கெட் காப்பாளராக ஆடிய 48 டெஸ்ட்டில் சராசரி 40.48, கையுறையைக் கழற்றிவைத்துத் துடுப்பாட்டக்காரராக மட்டும் ஆடிய 86 டெஸ்ட்டில் 66.78. ஒரே மனிதர், ஒரே மட்டை. நாள் முழுக்கக் குந்தி எழும்பிய முழங்கால்களோடு ஆடியவருக்கும், இல்லாமல் ஆடியவருக்கும் இடையில் 26 ஓட்டங்கள். 2007 நவம்பரில் ஹோபார்ட்டில் அவர் நான்காவது இன்னிங்ஸில் எடுத்த 192, நடுவரின் பிழையான தீர்ப்பால் முடிந்தது, கையுறை இல்லாத சங்கக்கார எப்படி ஆடுவார் என்று இந்த நாட்டுக்குக் காட்டியது. சராசரிக்குள் வேலைச்சுமையும் ஒளிந்திருக்கிறது. ரசல் ஆர்னோல்டையும் இங்கே நினைக்கலாம், இலங்கைக்கு டெஸ்ட் ஆடிய ஒரு சில தமிழ்த் துடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். டெஸ்ட்டில் 28.01, ஒருநாள் போட்டிகளில் 35.26. இடம் மாறினால் ஆளே மாறித் தெரிகிறார்.

வாழ்க்கையா உச்சமா என்ற இந்தச் சண்டையை அமெரிக்காவின் பேஸ்பால்காரர்கள் எங்களைவிடப் பதமாகத் தீர்த்திருக்கிறார்கள். ஜே ஜாஃபி என்ற எழுத்தாளர் ஓர் அளவுகோல் செய்தார். ஒரு சாதாரண மாற்று வீரரைவிட இவர் அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாகப் பெற்றுத் தந்தார் என்று முழு வாழ்க்கைக்கும் ஒரு கணக்கு. அவருடைய மிகச் சிறந்த ஏழு வருடங்களுக்கு மட்டும் இன்னொரு கணக்கு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தல். பிறகு அதே இடத்தில் நின்று ஆடியவர்களோடு மட்டும் ஒப்பிடுவது. உதாரணத்துக்கு முதலாவது பேஸைக் காப்பவர்கள். எடி மரே 21 பருவங்கள் ஆடி 504 ஹோம் ரன் அடித்தார், ஆனால் எந்த ஒரு பருவத்திலும் 33ஐத் தாண்டவில்லை. ஹாங்க் கிரீன்பெர்க் 1938இல் ஒரே பருவத்தில் 58 அடித்தார், மொத்தம் 331தான். காரணம் யுத்தம். 1941 முதல் 1945 வரையான காலத்தில் பெரும்பகுதி இராணுவச் சீருடையில் போனது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் மரே. உச்சத்தை மட்டும் பார்த்தால் கிரீன்பெர்க். இரண்டையும் வைத்தால் இருவரையும் ஒரே மேசையில் அமர்த்திப் பேசலாம்.

கிரிக்கெட்டிலும் உச்சத்துக்கு ஓர் அளவு உண்டு. ஐசிசியின் தரப்புள்ளி, 0 முதல் 1000 வரை. எதிரணியின் பலம், ஆட்டத்தின் நிலை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவது. பிராட்மன் தொட்ட அதிகபட்சம் 961. ஸ்டீவ் ஸ்மித் 947. லென் ஹட்டன் 945. பொண்டிங் 942. சங்கக்கார 938. மேல்முனையில் அளவுகோல் இறுகும் என்பதால் இந்த வித்தியாசங்கள் உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும், அதை மறந்துவிடாதீர்கள். அப்படியிருந்தும் ஒன்று புரிகிறது. பிராட்மன் நின்ற உயரத்துக்குப் பக்கத்தில் வேறு சிலரும் சில மாதங்கள் நின்றிருக்கிறார்கள். அங்கேயே இருபது வருடம் குடியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

சதாசிவத்துக்கு வருமுன் சிட்னிக்காரர் ஒருவரைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் சதாசிவத்தைப் புரிந்துகொள்ள அவர் உதவுவார். விக்டர் ட்ரம்பர், 1877இல் பிறந்தவர். 48 டெஸ்ட், 3163 ஓட்டங்கள், சராசரி 39.04. அவரோடு ஒரே அணியில் ஆடிய கிளெம் ஹில், 49 டெஸ்ட், 3412 ஓட்டங்கள், சராசரி 39.21. ஹில் ஒரு முடியளவு மேல். 1901-02இல் அடுத்தடுத்த மூன்று இன்னிங்ஸில் 99, 98, 97 என்று ஆட்டமிழந்த பாவப்பட்ட மனிதரும் அவர்தான். ஆனால் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் பார்வையாளர் மாடம் யார் பெயரில் இருக்கிறது? ட்ரம்பர் பெயரில். பாடிங்டனில் பூங்கா? அதுவும் ட்ரம்பர்.

காரணம் 1902. அந்த வருடம் இங்கிலாந்தில் மழைக்காலம் போன்ற கோடை. ஆடுகளங்களை மூடும் வழக்கம் இல்லாத காலம். நனைந்து காயும் சேற்றில் பந்து எப்படியும் எழும்பும். அந்தப் பயணத்தில் ட்ரம்பர் 2570 ஓட்டங்கள், 11 சதங்கள். மான்செஸ்டர் டெஸ்ட்டின் முதல் நாள் மதிய உணவுக்கு முன்னரே சதம். டெஸ்ட் வரலாற்றில் அப்படி அடித்த முதல் ஆள். அவுஸ்திரேலியா அந்தப் போட்டியை 3 ஓட்டங்களால் வென்றது. 1915இல், 37 வயதில், சிறுநீரக நோயால் இறந்தார். கிரீஸை விட்டு வெளியே பாய்ந்து மட்டையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும் ட்ரம்பரின் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஜோர்ஜ் பெல்டம் எடுத்தது. ஆக, 39.04 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பருவத்தின் முழுக் கணக்கும், ஒரு படமும், எழுதிவைத்த சாட்சிகளும் இருக்கின்றன. அதனால் ட்ரம்பர் தப்பிப் பிழைத்தார்.

சதாசிவம் 1915 ஒக்டோபரில் பிறந்தார், ட்ரம்பர் இறந்து நாலு மாதத்தில். கொழும்பு வெஸ்லி கல்லூரியில் படித்தார். தமிழ் யூனியன் கிரிக்கெட் அண்ட் அத்லெடிக் கிளப்புக்கு ஆடினார். இந்தப் பெயரைக் கேட்டு இங்கே பிறந்த பிள்ளைகள் திகைப்பதுண்டு. கொழும்பின் பழைய கழகங்கள் சமூகங்களின் பெயரிலேயே எழுந்தவை: 1899இல் தொடங்கிய தமிழ் யூனியன், சிங்களவர் விளையாட்டுக் கழகம், பறங்கியர் கழகம், சோனகர் கழகம். பின்னாளில் எல்லாக் கழகத்திலும் எல்லாரும் ஆடினார்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அவருடைய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது லேட் கட். பந்து விக்கெட் காப்பாளரின் கைக்குப் போகப்போகிறது என்று எல்லாரும் நினைத்த பிறகு, மட்டையால் மெல்லத் தொட்டு அவருக்குப் பின்னால் அனுப்புவது. பலத்தால் ஆடும் ஆட்டம் அல்ல, நேரத்தால் ஆடும் ஆட்டம். 1945இல் கொழும்புக்கு வந்த இந்திய அணிக்கு எதிராக 111. 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அந்த 215. 1950இல் பொதுநலவாய அணி வந்தபோது 96. அந்த அணியில் மேற்கிந்தியத் தீவுகளின் பிராங்க் வொரெல் இருந்தார். சதாசிவத்தை உலகின் மிகச் சிறந்த துடுப்பாட்டக்காரர்களில் ஒருவராக வொரெல் கருதினார் என்பது இலங்கையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. இப்படியான புகழ்மொழிகள் வாயிலிருந்து வாய்க்குப் போகும்போது பெருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எதிரணியில் நின்று பந்தைத் துரத்தியவரின் பெயரில் வரும் புகழுக்கு, பக்கத்து வீட்டுப் பெரியவரின் புகழைவிடச் சற்று அதிக மதிப்பெண் கொடுக்கலாம்.

சரி, ஏன் 11 போட்டி மட்டும்? ஏனென்றால் அந்தக் காலத்து இலங்கையில் முதல்தரப் போட்டி என்று எண்ணப்பட்டவை வெகு சில. தமிழ் யூனியனுக்கு அவர் ஆடிய கழகப் போட்டிகள் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில் கப்பலில் போன அணிகள் கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆடிவிட்டுப் போகும். அவையும் கணக்கில் இல்லை. இந்தியாவிலிருந்து ஓர் அணி வந்தால், அல்லது இலங்கை அணி சென்னைக்குப் போனால், ஏதோ ஒன்றிரண்டு ஏறும். பிராட்மன் தன் வாழ்க்கையில் 338 முதல்தர இன்னிங்ஸ் ஆடி 28,067 ஓட்டங்கள் எடுத்தார். சதாசிவத்தின் 753 ஓட்டங்கள் 18 ஆட்டமிழப்புகளுக்கு வந்தவை.

பதினெட்டு. புள்ளிவிபரம் படித்த எவரும் இங்கே மூச்சை இழுப்பார்கள். ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போம். சேப்பாக்கத்தில் 215 எடுத்த அன்று, சதாசிவம் 15இல் ஒரு பிடி கொடுத்து வெளியேறினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 553 ஆகும், சராசரி 41.83இலிருந்து 30.72க்கு விழும். ஒரே நாள், 11 ஓட்ட வித்தியாசம். இதையே பிராட்மனுக்குச் செய்வோம். லீட்ஸில் அவர் எடுத்த 334ஐ 15 ஆக்கினால், 99.94 குறைந்து 95.39. அவ்வளவுதான். 70 ஆட்டமிழப்புகள் ஒரு நாள் கெட்டதைத் தாங்கும், 18 தாங்காது.

இதை மறுபக்கம் திருப்பியும் படிக்க வேண்டும். 215 அவருடைய மொத்த ஓட்டங்களில் கால்வாசிக்கும் மேல். இன்னும் ஓரிரு சேப்பாக்கங்கள் கிடைத்திருந்தால் எண் 50ஐத் தாண்டியிருக்கலாம். ஆகவே 41.83ஐ வைத்து "பிராட்மனில் பாதிகூட இல்லை" என்று பெரியவரை அடக்குவது எவ்வளவு பிழையோ, அவ்வளவு பிழை "பிராட்மனுக்கு மேல்" என்று அவர் அடித்துச் சொல்வதும். அந்த எண் அவரைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறது. முழு வாழ்க்கைக் கணக்கு அவருக்கு இல்லை. உச்சக் கணக்கும் இல்லை. அவருடைய சிறந்த ஏழு வருடங்களை எடுக்கலாம் என்றால், அந்த வருடங்களின் சனி, ஞாயிறுகள் கழகப் போட்டிகளில் போய்விட்டன.

யுத்தம், கணக்கில் வராத போட்டிகள் என்பதோடு அவருடைய இழந்த காலம் முடியவில்லை. 1951 ஒக்டோபர் 9ஆம் திகதி கொழும்பில் அவர் மனைவி ஆனந்தம் வீட்டில் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். சதாசிவம் கைது செய்யப்பட்டார். கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். எடின்பரோவின் புகழ்பெற்ற தடயவியல் மருத்துவர் சேர் சிட்னி ஸ்மித் சாட்சி சொன்னார். 1953 ஜூன் 25ஆம் திகதி ஜூரிகள் அவர் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். 35 வயதிலிருந்து 37 வயது தாண்டும்வரை சிறையும் நீதிமன்றமும். எங்கள் ஆட்கள் சதாசிவம் கதை சொல்லும்போது இந்தப் பகுதியை அவருடைய துடுப்பாட்டத்துக்கு நேர்ந்த விபத்துபோலச் சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்த வீட்டில் உயிரையே இழந்தவர் ஆனந்தம். அவர் பெயரையாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் சதாசிவம் கடல் தாண்டினார். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் ஆடினார். அந்த அணிகளுக்கும் தலைவராக இருந்தார். மூன்று நாடுகளின் அணிகளை வழிநடத்திய மனிதருக்குக் கணக்கேட்டில் 11 போட்டி. 1977 ஜூலையில் கொழும்பில் இறந்தார். இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது 1981இல். முதல் டெஸ்ட் 1982 பெப்ரவரி 17ஆம் திகதி இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கியது. நடந்த இடம் பி. சரவணமுத்து மைதானம். அதன் பழைய பெயர் கொழும்பு ஓவல். தமிழ் யூனியனின் மைதானம். சதாசிவம் லேட் கட் ஆடிய அதே புல்.

கடைசியாக, இந்த இரண்டு பேரும் நேரில் சந்தித்த நாள். 1948 மார்ச் 27. பிராட்மனின் அணி தன் கடைசி இங்கிலாந்துப் பயணத்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தது. ஒரு போட்டியிலும் தோற்காமல் திரும்பிய, "வெல்ல முடியாதவர்கள்" என்று பெயர் பெற்ற அணி. வழமைபோலக் கொழும்பில் இறங்கினார்கள். கொழும்பு ஓவலில் ஒருநாள் ஆட்டம். இலங்கை அணித்தலைவர் சதாசிவம். நாணயம் சுண்ட நடுவே போய் நின்றவர்கள், ஒருவருக்கு 39 வயது, மற்றவருக்கு 32.

ஆட்டத்தின் நடுவில் பிராட்மனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பந்து வரவேண்டியதைவிடச் சீக்கிரம் வருகிறது. ஆடுகளத்தை அளக்கச் சொன்னார். அளந்தார்கள். 22 யார் இருக்க வேண்டிய ஆடுகளம் 20 யார்தான் இருந்தது. மைதானத்துக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. உலகத்தின் மிக நுட்பமான கண்கள் இரண்டு யார் குறைவைப் பிடித்துவிட்டன.

பிராட்மன் அன்று 20 ஓட்டங்கள் எடுத்தார். அந்த 20 அவருடைய 6996இலும் இல்லை, 28,067இலும் இல்லை. சதாசிவம் அன்று செய்த எதுவும் அவருடைய 753இல் இல்லை. ஒருநாள் காட்சிப் போட்டி. யாருடைய ஏட்டிலும் ஏறாது. கப்பல் இங்கிலாந்துக்குப் போனது. நாலரை மாதம் கழித்து, இன்னோர் ஓவலில், ஹொலிஸ் பிராட்மனுக்கு இரண்டாவது பந்தை வீசினார்.